நவம்பருக்கு முன்னால் ரட்லண்ட்

சில்க்போர்க்
9 பெப்ரவரி 2025

அன்புத் தம்பி ஞானேந்திராவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் மகள் சாரங்கியும் சுகமாயிருக்கிறோம். நீயும் புஷ்பராணியும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுது.

உன் கடிதம் கிடைத்தது. உறையில் உன் கையெழுத்தைக் கண்டதும் திறக்கத் துணிவு வரவில்லை. டென்மார்க்கில் இப்போது அரசாங்கம்கூடக் கடிதம் போடுவதில்லை, எல்லாம் கணினிக்குத்தான் வருகிறது. கையால் எழுதிய உறை வந்தால் ஏதோ நடந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றுகிறது. சாரங்கி வேலையால் வந்து திறந்தாள். வாசித்துவிட்டு, "சித்தப்பா கோட்டை பார்க்க வரச் சொல்றார். அவ்வளவுதான் அப்பா, மூச்சை விடுங்கோ" என்றாள்.

மூச்சை விட்டேன். ஆனால் முழுவதும் விடவில்லை. கிறிஸ்மஸுக்குப் பிறகு நான் பலமுறை தொலைபேசி எடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புஷ்பராணிதான் எடுக்கிறா. நீ நடக்கப் போயிருப்பதாகச் சொல்கிறா. தொலைபேசியை வைக்கவே மனமில்லாத நீ இப்போது கடிதம் எழுதுகிறாய். உன் அண்ணி தங்கமலரின் செத்தவீட்டுக்கு நீ வரவில்லை என்று நான் மனதில் ஒன்றும் வைக்கவில்லை. காய்ச்சல் என்றாய், நம்பினேன். என் பேச்சில் ஏதாவது பிழை வந்திருந்தால் எழுது, திருத்திக்கொள்கிறேன்.

நீ அழைத்ததற்குச் சந்தோஷம். ஆனால் நான் எல்லை கடந்து எத்தனை காலமாயிற்று என்பது உனக்குத் தெரியும். எண்பத்தாறில் இங்கே வந்து இறங்கியபோது ஒரு சீருடைக்காரர் என் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை நின்ற நிற்பு இன்னும் என் கால்களில் இருக்கிறது. யோசித்து எழுதுகிறேன்.

இப்படிக்கு, உன் நலம் விரும்பும் அண்ணன்
பாலேந்திரா

*

ஓக்கம், ரட்லண்ட்
20 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

ராணியும் நானும் சாப்பிடுறம், நித்திரை கொள்ளுறம், சண்டை பிடிக்கிறம். ஆகச் சுகம்தான். உங்கட முழங்கால் என்ன சொல்லுது?

கோவமோ எண்டு கேட்டிருக்கிறியள். உங்களோட ஒருத்தரும் கோவிக்கேலாது அண்ணை. மன்னிப்புக் கேட்டுக் கேட்டே கோவிச்சவனைக் குற்றவாளியாக்கிப் போடுவியள். டெலிபோன் வேண்டாமெண்டு நான் விட்டதுக்குக் காரணம் உங்கட காது. அரைவாசி கேக்கிறியள், கேளாத அரைவாசியை நினைச்சுப் பயப்பிடுறியள். கடிதமெண்டால் முழுசா வாசிச்சு முழுசாப் பயப்பிடலாம்.

சரி, விஷயத்துக்கு வாறன். இங்கிலாந்தின்ர சின்னஞ்சிறு கவுண்டி இது, எங்கட மாவட்டம் மாதிரி. பஸ்ஸில ஒருக்கால் தூங்கினால் கவுண்டி முடிஞ்சிடும். கோட்டையெண்டு சொன்னது ஒரேயொரு மண்டபம். எண்ணூறு வருசத்துக்கு மேல. சுவர் முழுக்கக் குதிரை லாடன் தொங்குது. இந்த ஊருக்கு முதல்முதலா வாற பிரபு ஆரெண்டாலும் ஒரு லாடன் குடுத்திட்டுத்தான் போகவேணுமாம். ராசகுடும்பத்தையும் விடேல்லை. நீங்கள் வந்தால் முழங்கால் பட்டியைக் கழட்டிக் கொழுவலாமெண்டு ராணி சொல்லுறா.

பக்கத்திலயே பழைய சந்தைக் கூரை. அதுக்குக் கீழ குற்றவாளியளின்ர காலை மாட்டுற பலகை. துளை அஞ்சு. ஏன் அஞ்செண்டு ஒருத்தருக்கும் நிச்சயமாத் தெரியாது. ஒற்றைக்காலன் ஒருத்தன் அடிக்கடி பிடிபட்டிருக்கவேணும்.

பில்லுண்டில பிளேன் ஏறி ஸ்டான்ஸ்டெட்டில இறங்கினால், அங்கயிருந்து ஓக்கத்துக்கு ரயில் மாறத் தேவையில்லை. ஜூன், ஜூலையில வாங்கோ. பிந்தாதேங்கோ.

உங்கட தம்பி
ஞானம்

*

சில்க்போர்க்
8 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். குளிர் குறையவில்லை என்றாலும் ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. உங்கள் இருவரின் உடல்நிலை பற்றி நீ எழுதியது போதாது. கொஞ்சம் விரிவாக எழுது.

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். பிறகு கடைசிச் சொல்லில் நின்றுவிட்டேன். ஏன் "பிந்தாதேங்கோ" என்று எழுதினாய்? சாரங்கியிடம் காட்டினேன். "அது வெயிலைச் சொன்னது அப்பா. இங்கிலாந்தில வெயில் காத்துக்கொண்டு நிக்காது" என்றாள். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவனுக்கு வரைந்த கோடு ஒவ்வொன்றையும் இருமுறை அளக்கும் வியாதி உண்டு. சொற்களையும் அப்படித்தான் அளக்கிறேன்.

நூலகத்தில் உங்கள் பகுதியின் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஊருக்குப் பக்கத்தில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று தெரிகிறது. அதன் கரையில் ஒரு தேவாலயக் குறி. தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருக்கிறது. அச்சுப் பிழையா?

ஏப்ரலிலிருந்து டென்மார்க் கடவுச்சீட்டுக்காரரும் இங்கிலாந்து போக முன் அனுமதி எடுக்கவேண்டுமாம். சாரங்கி தன் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் செய்யலாம் என்கிறாள். ஐந்து நிமிடத்தில் கொடுப்பதை ஐந்து நிமிடத்தில் மறுக்கவும் முடியும் அல்லவா?

சாரங்கி முகம் பார்த்துப் பேச உன்னை அழைத்தபோது நீ ஏன் வரவில்லை? அவள் ஒன்றும் நினைக்கவில்லை. நான் நினைக்கிறேன்.

அன்புடன் அண்ணன்
பாலேந்திரா

*

ஓக்கம்
19 மார்ச் 2025

அன்புள்ள அண்ணை,

சுகத்தை விரிவா எழுதச் சொன்னியள். தலை இருக்கு, மயிர் இல்லை. வயிறு கொஞ்சம் வத்திப்போச்சு, ராணிக்குச் சந்தோசம். போதுமோ?

வீடியோவுக்கு வராதது என்ர போனின்ர கமெரா உடைஞ்சதாலை. சாரங்கிக்குச் சொல்லுங்கோ, சித்தப்பா முந்தினதிலும் வடிவெண்டு.

உங்கட படத்தில பிழையில்லை. எழுபதுகளில தண்ணி தேவையெண்டு பள்ளத்தாக்கை மறிச்சுக் குளம் கட்டினவங்கள். தேவாலயம் தண்ணிக்குள்ள போகவேண்டியது. சனம் விடேல்லை. அரைவாசிக்குக் கல்லைக் கொட்டி நிலத்தை உயர்த்தி, சுத்திவர அணை கட்டி வைச்சிருக்கு. இப்ப கழுத்தளவு தண்ணியில நிண்டு எட்டிப் பாக்கிற மாதிரி நிக்குது. உள்ள சாமியில்லை, கலியாணம் நடக்குது. எனக்கு அதில நல்ல விருப்பம். போற வாற நேரமெல்லாம் பாக்கிறன்.

விங் எண்டொரு கிராமத்தில புல்லில வெட்டின வழிச்சுழல் ஒண்டு இருக்கு. சுவரில்லை, வேலியில்லை. வளைஞ்சு வளைஞ்சு போற ஒரேயொரு பாதை, முடிவில நடுவுக்கு வந்திடுவியள். தொலையவே முடியாது. உங்களுக்காகவே வெட்டினது.

டிக்கட் போட்டாச்சோ?

தம்பி
ஞானம்

*

சில்க்போர்க்
14 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி ஞானத்துக்கு,

இன்று வருடப்பிறப்பு. தங்கமலர் போய் ஆண்டு திரும்பாததால் இந்த வீட்டில் கொண்டாட்டமில்லை. நான் சுகம். சாரங்கிக்கு வேலை கூட.

நிறைய யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கோபிக்காதே. நவம்பரில் ஆண்டுத்திவசம் முடிந்தபின் வருகிறேன். சாவுத் துடக்கு முப்பத்தோராம் நாளோடு முடிந்தது என்று நீ சொல்வாய். ஐயரும் அப்படித்தான் சொன்னார். ஆனாலும் மனைவியைச் சுடலைக்கு அனுப்பிய நான் வருடம் திரும்பமுன் இன்னொரு வீட்டு வாசலில் காலை வைக்க என் மனம் இடம் தரவில்லை. நல்லவேளை, உன் வீட்டில் நோயாளி எவரும் இல்லை. நோயாளி இருக்கும் வீட்டுக்குச் செத்தவீட்டுக்காரன் போனால் கெட்டதும் கூடவே போகும் என்று அம்மா எவ்வளவு கண்டிப்பாக இருந்தா என்பது உனக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் சாவு நடந்த வருடம், நோயில் கிடந்த பெரியம்மாவைப் பார்க்க எங்களை விடவேயில்லையே.

நான் துடக்கைச் சொல்கிறேனா, பயத்தைச் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நவம்பரில் தேவாலயம் ஓடிவிடாது அல்லவா?

அன்புடன்
பாலேந்திரா

*

சில்க்போர்க்
12 மே 2025

அன்புத் தம்பிக்கு,

நலமா? என் ஏப்ரல் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. நவம்பர் என்று எழுதியது உன்னைப் புண்படுத்திவிட்டதோ? கடிதம் வழியில் தவறியிருக்கலாம் என்றும் நினைக்கிறேன். தவறியிருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

தொலைபேசி எடுத்தேன். எவரும் தூக்கவில்லை. ஒரு வரி போதும்.

அண்ணன்

*

ஓக்கம்
23 மே 2025

மதிப்புக்குரிய பெரியத்தானுக்கு,

புஷ்பராணி எழுதுறன். உங்கட சுகத்துக்குக் கடவுளை வேண்டுறன். இவருக்குத் தெரியாமல் எழுதுறன். எழுதத் தெரியாதவள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இவருக்குத் தொண்டையில கான்சர். அக்காவின்ர செத்தவீட்டு நேரம் காய்ச்சல் எண்டது பொய். அந்தக் கிழமைதான் கண்டுபிடிச்சவை. டிசம்பரில ஒப்பரேஷன் செய்து குரல்பெட்டியை எடுத்துப்போட்டினம். கழுத்தில துவாரம், அதாலதான் மூச்சு. இனிமேல் கதைக்க ஏலாது. அதுதான் அத்தான், போனும் இல்லை வீடியோவும் இல்லை. இவர் உங்களுக்கு எழுதிற இடமெல்லாம் நான் காரில கொண்டுபோய்க் காட்டினது, இறங்கி நடக்கிற பெலன் இல்லை.

போன மாதம் நுரையீரலுக்குப் போயிட்டுது. மூண்டு கிழமை ஆஸ்பத்திரியில இருந்தார். இந்தக் கோடை தாண்டும் எண்டு டொக்டர் சொல்லேல்லை. உங்கட நவம்பர்க் கடிதத்தைக் கட்டிலில வைச்சு வாசிச்சார். வாசிச்சிட்டுக் கடதாசியில எனக்கு எழுதிக் காட்டினார், "சொன்னால் அண்ணை வரவே மாட்டார், அம்மான்ர சட்டம்" எண்டு. நான் சொன்னன், சொல்லாட்டிலும் வரேல்லையே எண்டு.

உங்களை ஒருக்கால் பாக்கவேணும் எண்டதைத் தவிர அவருக்கு இப்ப வேற ஆசையில்லை. நான் எழுதினதைச் சொல்லிப்போடாதேங்கோ.

உங்கள் தங்கச்சி
புஷ்பராணி

*

சில்க்போர்க்
3 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி புஷ்பராணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுதியது நல்லது. நீ உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

இதைப் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நீ என்னை வெறுக்கலாம். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் எனக்கு வந்தது துக்கமில்லை, பயம். தம்பிக்காகப் பயம் என்று சொன்னால் அழகாக இருக்கும். அவனைப் பார்க்கப் பயம். நான் வரும் நாளிலிருந்து அவனுக்குக் கூடிவிட்டால்? என் காலோடு ஏதாவது வந்துவிட்டால்? இந்த வீட்டில் தங்கமலரின் கட்டில் இன்னும் இருக்கிறது. நான் அதிலிருந்துதான் எழுந்து வரவேண்டும்.

படித்த மனிதன் இப்படி நினைப்பது வெட்கம். தெரிகிறது. தெரிந்தும் விஷயம் தெரியாத சாரங்கி விமானப் பதிவுப் பக்கத்தைத் திறந்து வைத்தபோது என் கை கதிரைப் பிடியை விடவில்லை.

எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியவேண்டாம். கொஞ்சம் பொறு.

பாலேந்திரா

*

ஓக்கம்
10 ஜூன் 2025

அண்ணைக்கு,

கடிதம் பிந்திப்போச்சு, மன்னிக்கவும். தோட்டவேலை. எழுத்துக் கோணுது, பேனையில பிழை. நீங்கள் சுகமோ?

லிடிங்டன் எண்ட கிராமத்தில பழைய கட்டடம் ஒண்டு. முந்தி பிஷப்பின்ர மாளிகை. பிறகு ஏழைக் கிழவர்மாருக்கு விடுதியாக்கினவை. ஆளுக்கொரு சின்ன அறை, அறைக்கொரு அடுப்பு. ஒரே கூரைக்குக் கீழ கிழவர்மார் எல்லாரும் என்ன கதைச்சிருப்பினம் எண்டு நினைச்சுப் பாத்தன். ஒண்டும் கதைச்சிருக்க மாட்டினம். பக்கத்து அறையில ஆள் இருக்கெண்டு தெரிஞ்சாலே காணும்.

அதை ஐப்பசியோட பூட்டிவிடுவினம். நவம்பரில வந்தால் பாக்கேலாது. அதுதான் சொன்னன்.

ஞானம்

*

சில்க்போர்க்
21 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி புஷ்பராணிக்கு,

உன் களைப்பை நினைத்துக் கவலைப்படுகிறேன். இத்துடன் தம்பிக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், அதை மட்டும் அவனிடம் கொடு.

தம்பியின் கடைசிக் கடிதம் வந்த அன்று சாரங்கி அதை வாசித்தாள். கோணிய எழுத்தைக் கண்டு துருவிக் கேட்டாள், நான் மறைத்த உன் கடிதமும் வெளியே வந்துவிட்டது. உனக்குத் தெரியும், அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். எனக்கு எதிரில் வந்து இருந்தாள்.

"அப்பா, முந்தாநாள் ஒரு கிழவி எங்கட இல்லத்தில செத்தவ. நான்தான் உடம்பைத் துடைச்சு, சட்டை மாத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டனான். பிறகு பக்கத்து அறைக்குப் போய் இன்னொருத்தருக்குக் கஞ்சி தீத்தினனான். பிறகு வீட்டை வந்து உங்களுக்குப் புட்டு அவிச்சனான். சாப்பிட்டீங்கள்தானே?"

"சாப்பிட்டேன்."

"செத்தீங்களோ?"

நான் எழுந்து போகப் பார்த்தேன், சாரங்கி மறித்தாள். "அப்பம்மா உங்களைப் பெரியம்மாவிட்டை விடாதது உங்களுக்கு நல்லதா இருந்ததோ?" என்று கேட்டாள். பிறகு டேனிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டு விமானம் பதிந்தாள். நான் தடுக்கவில்லை. பயம் குறைந்துவிட்டது என்று எண்ணாதே. அது அப்படியே இருக்கிறது, ஆசனம் மட்டும் பதியப்பட்டிருக்கிறது.

ஜூலை எட்டாம் திகதி வருகிறேன்.

பாலேந்திரா

*

சில்க்போர்க்
21 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

தோட்டவேலை அதிகம் வேண்டாம். நான் சுகம்.

லிடிங்டன் கட்டடம் பற்றி விசாரித்தேன். நீ சொன்னது சரி, குளிர்காலத்தில் பூட்டிவிடுகிறார்கள். இதை நான் முன்பே கவனித்திருக்கவேண்டும். பார்க்காமல் விடுவது சரியல்ல என்பதால் திட்டத்தை மாற்றிவிட்டேன். ஜூலை எட்டாம் திகதி ஓக்கத்தில் இறங்குகிறேன். அனுமதியும் கிடைத்துவிட்டது, சாரங்கி சொன்ன ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வருட முடிவோடு கடிதம் கொண்டுவந்து தருவதையே நிறுத்தப்போகிறார்களாம். இதைக் கடையில் கொடுத்து அனுப்புகிறேன். நான் வருமுன் வந்து சேரும் என்று நம்புகிறேன்.

இடங்களை நீயே ஒழுங்கு செய். அவசரமில்லை, மெதுவாகப் பார்க்கலாம்.

அன்புடன் அண்ணன்
பாலேந்திரா

*

ஓக்கம், உன் வீட்டு மேல்மாடி
9 ஜூலை 2025, காலை

அன்புத் தம்பி ஞானத்துக்கு,

நீ கீழே இருக்கிறாய். நான் மேலே இருந்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க வெட்கமாக இருக்கிறது.

கீழே இறங்க முழங்கால் நோகிறது என்று புஷ்பராணியிடம் சொன்னது பொய். நேற்று ரயில் நின்றபோது நீ சக்கர நாற்காலியில் மேடையில் இருந்தாய். என்னைக் கண்டு வாய் திறந்து சிரித்தாய். சத்தம் வரவில்லை, கழுத்துத் துணிக்குப் பின்னால் காற்று மட்டும் வந்தது. நான் குனிந்து என் பையின் வாரைச் சரிசெய்தேன். வாரில் பிழையில்லை. வீட்டுக்கு வந்தவுடன் மேலே ஏறிவிட்டேன்.

எனக்கு எல்லாம் மே மாதமே தெரியும். புஷ்பராணியைக் கோபிக்காதே. லிடிங்டன் பார்க்க நான் வரவில்லை. ஸ்டான்ஸ்டெட்டில் இயந்திரக் கதவு என் முகத்தை ஏற்காமல் என்னை ஓர் அதிகாரியிடம் அனுப்பியது. சீருடை. எங்கே போகிறீர்கள் என்றார். ரட்லண்ட் என்றேன். "ரட்லண்டா, அங்கே என்ன இருக்கிறது?" என்று சிரித்தார். கோட்டை, தேவாலயம் எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது, தம்பி இருக்கிறான் என்பது மட்டும். அவர் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

அந்த அதிகாரிக்கு முன்னால் நின்றேன், உனக்கு முன்னால் நிற்க முடியவில்லை. ஏன் என்று விடியற்காலையிலிருந்து யோசிக்கிறேன். உன் கடிதங்களை வாசிக்கும்போது உன் குரல் எனக்கு அப்படியே கேட்கும், நக்கல்கூடக் கேட்கும். நேற்றுவரை கேட்டது. கீழே வந்து உனக்கு எதிரில் இருந்தால் அது நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. பிறகு எங்கே போய்க் கேட்பேன்?

செத்தவீட்டுப் பயமும் முழுதாகப் போகவில்லை. இரவு நீ இருமியபோதெல்லாம் நான்தான் கொண்டுவந்தேனோ என்று எண்ணினேன்.

கீழே தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்கிறது. இதைப் புஷ்பராணியிடம் கொடுத்து அனுப்புகிறேன். நான் என்ன செய்யவேண்டும் என்று எழுது.

அண்ணன்
பாலேந்திரா

*

(அதே தாளின் பின்பக்கத்தில்)

அண்ணை,

நீங்கள் வந்ததாலை இருமல் கூடேல்லை, ராணியின்ர மிளகாய்த்தூளாலை கூடினது.

வந்திட்டியள், இனி என்னத்துக்குக் கடிதம்? கீழ வாங்கோ. கதைக்கத் தேவையில்லை. என்னைப் பாக்க ஏலாட்டில் ஜன்னலைப் பாத்துக்கொண்டு பக்கத்தில இருங்கோ. பயம் போனபிறகு வருவமெண்டு நினையாதேங்கோ, அது போகாது. பயத்தோடயே வாங்கோ. டிசம்பரிலயிருந்து நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறன். ராணிக்குச் சொல்லேல்லை. உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன்.

தம்பி